நீல அட்டைப் புத்தகம்

பாங்காக்கில் பன்னிரண்டு வருடம் நான் குடியிருந்தது ஓன் நுட் பக்கம், ரயில் நிலையத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே போகும் ஒரு சந்தில். அங்கே சந்துக்கு 'சோய்' என்று பெயர். நம் ஊர்ச் சந்து போல இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வர முடியாது. வாய்க்கால்களுக்கு நடுவே நீளநீளமாகக் கிடந்த வயல்களும் தோப்புகளும் மனைகளானபோது, அவரவர் தங்கள் நிலத்துக்கு மட்டும் பாதை போட்டுக்கொண்டார்கள். பல சோய்கள் ஒரு சுவரிலோ வாய்க்காலிலோ முட்டி நின்றுவிடும். பஸ் வராது. அதனால்தான் ஒவ்வொரு சோய் முனையிலும் ஆரஞ்சு நிறக் கையில்லாச் சட்டை மாட்டிய மோட்டார் சைக்கிள்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நிறுத்தத்துக்கு 'வின்' என்று பெயர். சட்டையின் முதுகில் ஒரு எண் இருக்கும். சவாரி இல்லாத நேரத்தில் சோடா மூடிகளைக் காய்களாக வைத்து, ஒருவருக்கு மல்லாந்த மூடி, இன்னொருவருக்குக் கவிழ்ந்த மூடி என்று கட்டம் ஆடுவார்கள். முறை வந்ததும் ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போவார்கள். திரும்பி வரும்வரை யாரும் மூடியைத் தொட மாட்டார்கள்.

அந்த வின்னில் இருந்த ஒருவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பெயர் சொல்லப் போவதில்லை. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அண்ணன் முறையில் இருப்பவரைத் தாய் மொழியில் 'லுங்' என்பார்கள். பெரியப்பா, பெரிய மாமா இரண்டும் அந்த ஒரே சொல்லில் அடக்கம். முன்பின் தெரியாதவரைக்கூட வயதைப் பார்த்து முறை வைத்துத்தான் கூப்பிட வேண்டும். ராணுவப் புரட்சி செய்து ஆட்சியைப் பிடித்து, 9 வருடம் பிரதமராக இருந்த பிரயுத் சான் ஓச்சாவையே நாடு முழுக்க 'லுங் தூ' என்றுதான் சொன்னது. எனக்கு இவர் லுங். அவருக்கு நான் 'லான்'. அண்ணன் மகன், பேரன் இரண்டுக்கும் அதே சொல்.

தாய்லாந்துக்கு ஒரு வாரம் வந்து போகும் நண்பர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: "எவ்வளவு சிரிச்ச முகம்பா! எத்தனை புரட்சி வந்தாலும் இவங்களுக்குக் கவலையே இல்லை போல." முதல் இரண்டு வருடம் நானும் அப்படித்தான் நினைத்தேன். அது தப்பு. வாய் திறக்காததால் கணக்கு வைக்கவில்லை என்று ஆகிவிடாது. லுங்கிடம் ஒரு கணக்கு இருந்தது. அது எனக்குப் பிடிபட வெகுநாள் ஆயிற்று.

நான் போய் இறங்கியது 2013 நவம்பரில். சீலோம் பக்கத்தில், கல் வியாபாரம் செய்யும் ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலை. மாணிக்கமும் நீலமும் தராசில் ஏறி இறங்கும் இடம். நடந்து போகிற தூரத்தில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில். தாய்க்காரர்கள் அதை 'வாட் க்கேக்' என்பார்கள். இந்தியர், மலாய்க்காரர், அரபியர் எல்லோருக்கும் அங்கே பொதுப்பெயர் 'க்கேக்'. விருந்தாளி என்று பொருள். கோயில் வாசலில் நிற்கும் கூட்டத்தில் பாதிக்கு மேல் தாய்க்காரர்கள்தான், கையில் செவ்வந்தி மாலையோடு.

நான் போன மாதமே ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. பிரதமர் யிங்லக் ஷினவத்ராவுக்கு எதிராகக் கழுத்தில் விசில் மாட்டிய கூட்டம். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் என் அலுவலகத்துப் பெண்கள் சீலோம் சாலைக்கு இறங்கிப் போய், கொடியும் விசிலுமாக நின்றுவிட்டு, 2 மணிக்கு வந்து வேலையைத் தொடர்வார்கள். எல்லோரும் நல்லவர்கள். எனக்குத் தாய் எழுத்து சொல்லிக்கொடுத்தவர்கள். அவர்களில் ஒருவர் ரொம்பப் பொறுமையாக எனக்கு விளக்கினார்: "இசான்காரர்களுக்கு 500 பாட் கொடுத்தால் யாருக்கு வேண்டுமானாலும் ஓட்டுப் போடுவார்கள். எருமைகள். படித்தவர் ஓட்டும் அவர்கள் ஓட்டும் எப்படி ஒன்றாகும்?" இசான் என்பது வடகிழக்கு. நாட்டின் மக்களில் மூன்றில் ஒரு பங்கு அங்கே. அன்று சாயங்காலம் நான் வீடு திரும்பியதும் ஓர் இசான்காரரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துதான்.

2014 பிப்ரவரி 2-ஆம் தேதி நடந்த தேர்தலைப் பல தொகுதிகளில் மறித்தார்கள். மார்ச்சில் அரசியல் சாசன நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. மே 7-ஆம் தேதி யிங்லக்கைப் பதவியிலிருந்து இறக்கியது. மே 22-ஆம் தேதி ராணுவம் வந்தது. இரவு 10 மணியிலிருந்து காலை 5 மணி வரை ஊரடங்கு. அன்று ரயில் நிலையத்தில் இறங்கியபோது கடைக்காரர்கள் அவசரமாகக் குடையை மடக்கிக்கொண்டிருந்தார்கள். லுங் ஹெல்மெட்டை என்னிடம் நீட்டி, "ஈக் லேவ்" என்றார். மறுபடியும் வந்தாச்சு என்று அர்த்தம். வீடு வரை வேறு எதுவும் பேசவில்லை.

1932-இல் முழு முடியாட்சி முடிந்தது. அதற்குப் பிறகு தாய்லாந்தில் வெற்றி பெற்ற ராணுவப் புரட்சிகள் ஒரு டஜன். அரசியல் சாசனங்கள் 20. 1965-இல் பிறந்த லுங் தன் ஆயுளில் பார்த்தது மட்டும் ஆறு: 1971, 1976, 1977, 1991, 2006, 2014. அந்த 'ஈக் லேவ்' எந்தக் களைப்பிலிருந்து வந்தது என்று அந்த வருடங்களை வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அவருடைய ஊர் ரோய் எட் மாகாணத்தில், துங் குலா ரோங் ஹாய் சமவெளியில் இருக்கிறது. 'குலாக்காரர்கள் அழுத வெளி' என்று பொருள். நிழலும் தண்ணீரும் இல்லாத அந்தப் பொட்டலைக் கடக்க முடியாமல், குலா என்ற பழைய கால வியாபாரிகள் உட்கார்ந்து அழுதார்களாம். இன்று உலகம் முழுக்கப் போகும் மல்லிகை அரிசி விளைவது அதே வெளியில்தான். ஆனால் வருடத்துக்கு ஒரு போகம். மழை பெய்தால் நெல், இல்லாவிட்டால் பாங்காக். லுங் 80-களின் கடைசியில் கட்டட வேலைக்கு வந்தார். அப்போது பாங்காக்கில் எங்கே பார்த்தாலும் கிரேன். 1997 ஜூலை 2-ஆம் தேதி பாட்டின் மதிப்பைக் கட்டிவைத்திருந்த கயிற்றை அரசு அவிழ்த்துவிட்டது. டாலருக்கு 25 பாட் என்று இருந்தது, அடுத்த ஜனவரியில் 56 வரை போனது. 56 நிதி நிறுவனங்களை ஒரேயடியாக மூடினார்கள். அவர் வேலை பார்த்த கட்டடம் 20-ஆம் மாடியோடு நின்றது. அந்த மாதக் கூலி கடைசிவரை வரவில்லை. சபான் தக்சின் படகுத்துறைப் பக்கம் போனவர்கள் சாத்தோர்ன் யூனிக் என்ற பேய்க்கட்டடத்தைப் பார்த்திருப்பார்கள். ஐம்பது மாடிக்கு ஒன்று குறைவு. வேலை முடியாமலே கருத்துப்போய் நிற்கிறது. சுற்றுலாக்காரர்கள் அதைப் படம் எடுப்பார்கள். லுங் அந்தப் பக்கம் வண்டி ஓட்டும்போது தலை நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை.

வேலை போனவர்களைக் கிராமம் ஏந்திக்கொண்டது என்று அப்போது பெருமையாகச் சொன்னார்கள். ஏந்திக்கொண்டது உண்மைதான். ஏற்கெனவே கடனில் இருந்த வயல், இன்னும் நாலு வாய்க்குச் சோறு போட்டது. இரண்டு வருடம் கழித்து அவர் திரும்பி வந்து ஆரஞ்சுச் சட்டைக்காரர் ஆனார். சட்டை சும்மா கிடைக்காது. யாருடைய 'கையில்' அந்த முனை இருக்கிறதோ அவருக்குப் பணம் கட்ட வேண்டும். நல்ல முனை என்றால் ஒரு லட்சம் பாட்டுக்கு மேலேகூடப் போகும். அப்புறம் மாதாமாதம் மாமூல். 2003-இல், யிங்லக்கின் அண்ணனும் அன்றைய பிரதமருமான தக்சின் ஷினவத்ராவின் அரசு ஓட்டுநர்களை நேராகப் பதிவு செய்து, எண் போட்ட சட்டையைக் கொடுத்தது. மாமூல் அடியோடு ஒழிந்துவிடவில்லை. ஆனால் சட்டையில் இருப்பது தன் பெயருக்கு வந்த எண் என்பது லுங்குக்குப் பெரிய விஷயம். அந்தச் சட்டையை அவர் கையாலேயே துவைப்பார்.

இதையெல்லாம் அவர் என்னிடம் பாங்காக்கில் சொல்லவில்லை. 2017 ஏப்ரலில், சோங்க்ரான் புத்தாண்டுக்கு என்னை ஊருக்கு அழைத்துப் போனபோது, மூன்று நாளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

மோ சிட் பஸ் நிலையத்தில் இரவு முழுக்க நின்று, விடியற்காலையில் ஏறி, எட்டு மணி நேரம். பாங்காக்கே காலியாகி வடகிழக்கே போவது போல இருக்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் என் கண்ணில் பட்டது சுவரோரம் தோள் உயரத்துக்கு அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகள். பக்கத்தில் நெல் மூட்டைகள். பெட்டிகளில் என்னவென்று கேட்டேன். "அம்மாவின் தண்ணீர்" என்றார்.

அவருடைய அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வயிற்றில் ஒரு குழாய் பொருத்தி, வீட்டிலேயே டயாலிசிஸ். லுங்கின் தங்கைதான் எல்லாம் செய்தார். வீட்டின் ஒரு மூலையைத் தடுத்து அறையாக்கி, தரைக்கு ஓடு பதித்து, உள்ளேயே கை கழுவும் தொட்டி வைத்திருந்தார்கள். வீட்டில் வேறு எங்கும் ஓடு கிடையாது. தங்கை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். முகமூடி கட்டினார். மின்விசிறியை நிறுத்தினார். ஏப்ரல் வெயிலில் அந்தச் சின்ன அறை அடுப்பு மாதிரி இருந்தது. முதலில் வயிற்றில் இருந்த பழைய நீரைக் கீழே வைத்த பையில் வடியவிட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கலங்கியிருந்தால் தொற்று. தெளிவாக இருந்தது. அப்புறம் இரண்டு லிட்டர் பை ஒன்றை ஆணியில் மாட்டிக் குழாயோடு இணைத்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரம். ஒரு நாளைக்கு நாலு தடவை. சோங்க்ரான் அன்றைக்கும் நாலு தடவை. பைகளைத் தபால்காரர் வண்டியில் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கிவிடுவார். காசு கிடையாது.

இந்த வைத்தியத்துக்குப் பின்னால் ஒரு மருத்துவர் இருக்கிறார், சங்குவான் நித்தயாரம்போங். இசானிலேயே, சீசாகெட் மாகாணத்தில் ராசி சலாய் என்ற சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். வைத்தியச் செலவுக்காக மாட்டையும் நிலத்தையும் விற்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பும் குடும்பங்களைப் பார்த்தவர். எல்லோருக்கும் பொதுவான ஒரு மருத்துவத் திட்டத்தைப் பல வருடம் யோசித்து, கணக்குப் போட்டு, கட்சி கட்சியாக எடுத்துப்போனார். தக்சின் எடுத்துக்கொண்டார். 2001 தேர்தலில் அது 'எந்த நோய்க்கும் 30 பாட்' என்ற வாக்குறுதி ஆனது. அடுத்த வருடமே சட்டமும் ஆனது. 2008-இல் சிறுநீரக நோயும் அதில் சேர்ந்தது. அந்த வருடம் ஜனவரியில்தான் சங்குவான் புற்றுநோயால் இறந்துபோனார். 2006-இல் தக்சினை விரட்டிவிட்டு வந்த ராணுவ அரசுகூட இந்தத் திட்டத்தை ஒழிக்கத் துணியவில்லை. அந்த 30 பாட்டையும் வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னது. எருமைகள் 500 பாட்டுக்கு ஓட்டை விற்கிறார்கள் என்று எனக்குச் சொன்னாரே என் அலுவலகத் தோழி, அவரை அந்த அறையில் அரை மணி நேரம் உட்காரவைக்க வேண்டும் போல இருந்தது. கோபத்தால் இல்லை. பார்த்தால் அவருக்கே புரியும், அவர் இரக்கமுள்ளவர்.

தக்சினை நான் நல்லவராகக் காட்டப் பார்க்கவில்லை. 2003-இல் போதைப்பொருள் ஒழிப்பு என்று சொல்லி மூன்றே மாதத்தில் 2,500 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். 2004 அக்டோபர் 25-ஆம் தேதி தென்கோடியில், தக் பாய் என்ற ஊரில், போராட்டம் செய்த முஸ்லிம் இளைஞர்களைக் கையைக் கட்டி லாரிகளில் ஒருவர் மேல் ஒருவராக அடுக்கிக் கொண்டுபோனார்கள். 78 பேர் மூச்சு முட்டியே செத்தார்கள். அந்த வழக்கு 20 வருடக் கெடு முடிந்து, ஒருவருக்கும் தண்டனை இல்லாமலே 2024-இல் காலாவதி ஆனது. இரண்டு சம்பவங்களும் அவர் பிரதமராக இருந்தபோதுதான். அன்று இரவு லுங்கிடம் இதைக் கேட்டேன். ஒட்டரிசியை உருட்டி, அரைத்த மிளகாயில் தொட்டு, வாயில் போட்டு மென்று முடித்துவிட்டுச் சொன்னார்: "அந்த ஆள் நல்லவன் என்று நான் எப்போது சொன்னேன்? அம்மா உயிரோடு இருக்கிறாள் என்றுதான் சொன்னேன்."

2010-ஐப் பற்றியும் அன்றுதான் சொன்னார். தக்சின் ஆதரவாளர்களான சிவப்புச் சட்டைக்காரர்கள், புதிய தேர்தல் கேட்டு, பாங்காக் நடுவிலுள்ள ராச்சபிரசோங் சந்திப்பை வாரக்கணக்கில் பிடித்து உட்கார்ந்திருந்த வருடம். தங்களை அவர்கள் 'ப்ரை' என்று சொல்லிக்கொண்டார்கள். பழைய காலத்துக் குடியடிமை என்ற சொல். அதையே சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். பாங்காக்கின் எந்தச் சோய் எதில் முடியும், எந்த வழியில் தடுப்பு இல்லை என்பது ஆரஞ்சுச் சட்டைக்காரர்களுக்குத்தான் தெரியும். சாப்பாடு, செய்தி, அடிபட்டவர், எல்லாம் அவர்கள் வண்டியில்தான் போயின. ஏப்ரலிலும் மே மாதத்திலும் ராணுவம் கூட்டத்தைக் கலைக்க வந்தபோது நடந்த மோதல்களில் 90 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். மே 19-ஆம் தேதி, அடைக்கலம் என்று அறிவித்திருந்த பத்தும் வனராம் விகாரைக்குள்ளேயே ஆறு பேர். அதில் அடிபட்டவர்களுக்குக் கட்டுப்போட வந்த ஒரு தொண்டர்ப் பெண்ணும் உண்டு. குண்டுகள் ராணுவத்தினர் பக்கமிருந்து வந்தவை என்று 2013-இல் நீதிமன்ற விசாரணை சொன்னது. தண்டனை அடைந்தவர் யாருமில்லை. லுங் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாராம். ஒருவர் வழியிலேயே அவர் முதுகில் சாய்ந்தார். "கனம் கூடியது, தெரிந்தது" என்றார். அதற்கு மேல் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் காலத்தில் சிவப்புச் சட்டைக்காரர்களிடையே ஒரு சொல் பரவியது, 'தா சவாங்'. கண் வெளுத்தது, விடிந்தது என்பது போல. எதைப் பார்த்துக் கண் திறந்தது என்று யாரும் விரித்துச் சொல்ல மாட்டார்கள். குற்றவியல் சட்டத்தின் 112-ஆம் பிரிவுப்படி மன்னரையோ ராணியையோ வாரிசையோ அவமதித்ததாகத் தீர்ப்பானால், ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 வருடம் வரை சிறை. அதனால் நானும் விரித்து எழுதப்போவதில்லை.

ஆனாலும் மனிதர்களை ஒரு நிறத்தில் அடைக்க முடியாது. 2016 அக்டோபர் 13-ஆம் தேதி, 70 வருடம் அரியணையில் இருந்த மன்னர் பூமிபோன் மறைந்தபோது கடைகளில் கறுப்புத் துணி தீர்ந்துபோனது. எங்கள் சோய் முனையில் பெரிய அண்டாவில் சாயம் கொதிக்கவைத்து, ஜனங்கள் கொண்டுவந்த சட்டைகளை முக்கி எடுத்துக் கொடுத்தார்கள். சனாம் லுவாங் மைதானத்துக்கு அஞ்சலி செலுத்த வந்தவர்களைப் பல நாள் இலவசமாக ஏற்றி இறக்கியவர்கள் இதே மோட்டார் சைக்கிள்காரர்கள்தான். லுங்கும் போனார். நான் ஆச்சரியப்பட்டுக் கேட்டதற்கு, "வயதான பெண்கள் வெயிலில் நடக்கிறார்கள், லான்" என்றார்.

சரி, பணத்துக்கு வருகிறேன். ஏழ்மை என்பதைவிடக் கடன் என்று சொன்னால்தான் அங்கே சரியாக இருக்கும். தாய்லாந்தின் குடும்பக் கடன் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தை ஒட்டியே பல வருடமாக நிற்கிறது. இதில் வட்டிக்காரர் கணக்கு சேராது. காலையில் கடை வாசல்களில் விசிட்டிங் கார்டு மாதிரிச் சின்ன அட்டைகள் விழுந்து கிடக்கும், 'உடனடிப் பணம்' என்று. ஹெல்மெட்டைக் கழற்றாமலே இரண்டு பேர் தினமும் வந்து வசூலித்துப் போவார்கள். 'ஹெல்மெட்காரர்கள்' என்றுதான் அவர்களுக்குப் பெயர். சட்டம் அனுமதிப்பது வருடத்துக்கு 15 சதவீதம். அவர்கள் வாங்குவது மாதத்துக்கு 20. வின்னுக்குப் பக்கத்தில் பப்பாளிக்காய்ச் சாலட் இடித்துக் கொடுக்கும் அம்மாள், எங்களுக்கு 'பா', அதாவது பெரியம்மா முறை. ஹெல்மெட்காரர்கள் வரும் நேரத்துக்கு உலக்கையைக் கொஞ்சம் வேகமாகப் போடுவார். அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய நோட்டுகள் உரலுக்கு அடியில் மடித்துத் தயாராக இருக்கும்.

அதே பா, மாதம் இரண்டு தடவை, 1-ஆம் தேதியும் 16-ஆம் தேதியும், மதியத்துக்கு மேல் மொபைலைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அன்றுதான் அரசு லாட்டரிக் குலுக்கல். சீட்டு 80 பாட், முதல் பரிசு 60 லட்சம். கனவில் வந்த எண், மரப்பட்டையில் தெரிந்த எண், புதிதாக வந்த பிரதமரின் கார் எண், எல்லாமே அவர் கணக்கில் வரும். பிரதமர் மாறுவதால் தனக்குக் கிடைத்தது அந்த எண் ஒன்றுதான் என்று ஒருமுறை சொன்னார். விளையாட்டாகச் சொன்ன மாதிரி இல்லை.

கொரோனா வந்தபோது அந்த முனை செத்துப்போனது. 2019-இல் கிட்டத்தட்ட 4 கோடி வெளிநாட்டுப் பயணிகள் வந்த நாட்டுக்கு 2021-இல் 5 லட்சம் பேர்கூட வரவில்லை. விடுதியில் வேலை பார்த்தவர்கள் ஊருக்குப் போனார்கள், அவர்களை ஏற்றியவர்களும் போனார்கள். 2020 அக்டோபரில் பிரயுத் அரசு கொண்டுவந்த 'கோன் லா க்ருங்' திட்டம், அதாவது ஆளுக்குப் பாதி, பாவைக் காப்பாற்றியது. வாங்குபவர் விலையில் பாதி கொடுத்தால் மீதியை, ஒரு நாளைக்கு 150 பாட் வரை, அரசு கடைக்காரருக்கு அனுப்பும். படிக்கத் தெரியாத பா, செயலியைப் பேரனிடம் கற்றுக்கொண்டார். லுங் தூவை ஒரு நாளும் மன்னிக்காத லுங்கும், "இது நல்ல யோசனைதான்" என்று ஒப்புக்கொண்டார். நான் சொன்ன கணக்கு அவரிடம் அப்படித்தான் இருந்தது. பிடிக்காதவர் செய்ததும் அதில் ஏறும்.

அந்த வருடம்தான் மாணவர்கள் பிரயுத் அரசை எதிர்த்து, எதிர்ப்பின் அடையாளமாக மூன்று விரலைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். லுங்கின் மகள் அப்போது ராம்காம்ஹேங் பக்கம் வாடகைக்கு இருந்து கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள், அரசுக் கல்விக் கடனில். கூட்டம் எங்கே என்பதைக் கடைசி நிமிடம்வரை அறிவிக்க மாட்டார்கள். ஆனால் மீன் உருண்டை வறுத்து விற்கும் தள்ளுவண்டிகள் மட்டும் எப்படியோ போலீசுக்கு முன்பே அங்கே நிற்கும். அந்த வண்டிகளுக்கே 'சிஐஏ' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். லுங் மகளைக் கூட்டத்தில் இறக்கிவிட்டு, ஒரு மீன் உருண்டை வண்டிக்குப் பக்கத்தில் நள்ளிரவு வரை காத்திருப்பார். அவளை அவர் தடுக்கவில்லை. "ஓடுகிற வழியை முதலில் பார்த்து வைத்துக்கொள்" என்று மட்டும் சொல்லிக்கொடுத்தார். அது 2010-இல் கற்றது.

அப்பாவுக்கும் மகளுக்கும் சண்டை வந்தது வேறு விஷயத்தில், ஒரு நீலப் புத்தகத்தால்.

தாய்லாந்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் 'தபியன் பான்' என்று ஒரு பதிவுப் புத்தகம் உண்டு. நீல அட்டை. நம் ஊர்க் குடும்ப அட்டை மாதிரி, ஆனால் அதைவிட வலுவானது. அதில் பெயர் எந்த ஊரில் இருக்கிறதோ அங்கேதான் ஓட்டு. பாங்காக்கில் 25 வருடம் வண்டி ஓட்டினாலும் லுங்கின் பெயர் ரோய் எட் வீட்டுப் புத்தகத்தில். நாட்டின் 77 மாகாணங்களில் ஆளுநரை மக்களே தேர்ந்தெடுப்பது பாங்காக்கில் மட்டும்தான். மற்ற ஊர்களுக்கு உள்துறை அமைச்சகம் அனுப்பிவைக்கும். 2022 மே 22-ஆம் தேதி சட்சார்ட் சித்திபன் 13 லட்சத்துக்கு மேல் ஓட்டு வாங்கி பாங்காக் ஆளுநரானபோது, அந்த ஊரின் தெருக்களை எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்த லுங்குக்கு அதில் ஓட்டு இல்லை. இருக்கிற ஊரில் ஆளுநருக்கு ஓட்டு இல்லை, ஓட்டு இருக்கிற ஊரில் ஆளுநருக்குத் தேர்தலே இல்லை. பெயரை மாற்றிக்கொள்ளலாமே என்றால், வாடகை வீட்டின் சொந்தக்காரர் ஒப்புக்கொள்ள வேண்டும். பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொள்வதில்லை.

லுங்குக்கு அது குறையாகவே தெரியவில்லை. பெயர் ஊரில் இருந்தால்தான் ஊர்க்காரன், தேர்தல் என்றால் ஊருக்குப் போக ஒரு சாக்கு. மகள் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் வாழ்கிற இடத்தின் சாக்கடையைப் பற்றி எனக்குப் பேச்சில்லை, நான் வாழாத இடத்தின் எம்.பி.க்கு என் ஓட்டு" என்பாள்.

2023 மே 14-ஆம் தேதி இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஊருக்குப் போய், ஒரே பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று, ஆளுக்கு ஒரு கட்சிக்குப் போட்டார்கள். அப்பா தக்சினின் பியூ தாய் கட்சிக்கு. மகள் ஆரஞ்சுக் கட்சிக்கு, அதாவது மூவ் ஃபார்வர்டுக்கு. யாரும் எதிர்பாராதபடி ஆரஞ்சு 151 இடம், பியூ தாய் 141. ராணுவம் நியமித்த 250 செனட்டர்களும் பிரதமர் தேர்வில் ஓட்டுப் போடலாம் என்று 2017 சாசனத்தில் எழுதி வைத்திருந்தார்கள். ஜூலை 13-ஆம் தேதி ஆரஞ்சுக் கட்சித் தலைவர் பிடா லிம்ஜரோன்ரத்துக்கு 324 ஓட்டு விழுந்தது. வேண்டியதோ 375. செனட்டர்களில் 13 பேர்தான் கை கொடுத்தார்கள். பிறகு பியூ தாய், தன் ஆட்களைச் சுட்ட காலத்துத் தளபதிகளின் கட்சிகளோடு கூட்டணி வைத்து ஆட்சி அமைத்தது.

ஆகஸ்ட் 22-ஆம் தேதி காலை, 15 வருடம் வெளிநாட்டிலேயே இருந்த தக்சின் தனி விமானத்தில் வந்து இறங்கினார். நான் அன்று வேலைக்குத் தாமதமாகக் கிளம்பினேன். வின்னில் எல்லோரும் ஒரு மொபைலைச் சுற்றி நின்றார்கள். அவர் விமான நிலைய வாசலுக்கு வந்து, மன்னரின் படத்துக்கு முன்னால் மண்டியிட்டு வணங்கினார். அதே நாள் மாலையில் அவருடைய கட்சிக்காரர் ஸ்ரத்தா தவிசின் பிரதமராகத் தேர்வானார். பழைய வழக்குகளின் தண்டனைக்காக அன்றே சிறைக்குப் போன தக்சின், அதே இரவில் அங்கிருந்து போலீஸ் ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டார். லுங் காலைக் காட்சியை மட்டும் பார்த்தார். பார்த்துவிட்டுச் சோடா மூடிகளுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். அவர் முறைதான் ஆட. வெகுநேரம் ஆடவில்லை.

"2010-இல் செத்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுவான் என்று பார்த்தேன்" என்றார்.

அடுத்த இரண்டு வருடத்தில் நடந்ததைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். மூவ் ஃபார்வர்டை 2024 ஆகஸ்டில் நீதிமன்றம் கலைத்தது. அடுத்த வாரமே ஸ்ரத்தாவை இறக்கியது. தக்சினின் மகள் பேதோங்தான் 37 வயதில் பிரதமரானார். 2025 ஜூனில், எல்லைத் தகராறு நடந்துகொண்டிருந்தபோது, கம்போடியாவின் முன்னாள் பிரதமர் ஹுன் செனோடு அவர் பேசிய தொலைபேசி உரையாடல் வெளியே கசிந்தது. அதில் அவரை 'அங்கிள்' என்று கூப்பிட்டு, தன் நாட்டுத் தளபதி ஒருவரை எதிர்ப்பக்கத்து ஆள் என்று சொல்லியிருந்தார். ஆகஸ்ட் 29-ஆம் தேதி அவரும் போனார். முறை வைத்துக் கூப்பிடுவதும் யாரை, எப்போது என்று பார்க்க வேண்டும் என்று பா சொன்னார். செப்டம்பரில் அனுடின் சார்ன்விரகுல் வந்தார். பா அவருடைய கார் எண்ணைக் குறித்துக்கொண்டார்.

அதே வருடம் லுங்குக்கு 60 வயது ஆனது. முதியோர் உதவித்தொகை மாதம் 600 பாட். அதற்குப் பெயர் இருக்கும் ஊரில்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆரஞ்சுச் சட்டையைத் துவைத்து, மடித்து, தங்கை மகனிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். நவம்பரில், நான் நாட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன், பார்க்கப் போனேன். மல்லிகை நெல் அறுப்பு நேரம். வாசலில் நீலப் பிளாஸ்டிக் விரித்து நெல் காய்ந்துகொண்டிருந்தது. வீட்டு மூலையில் ஓடு பதித்த அந்த அறையில் இப்போது விதை நெல் இருந்தது. அம்மா 2019-இல் போய்விட்டார். மீதியிருந்த பெட்டிகளை லுங் தானே வண்டியில் வைத்துக் கட்டி, மாவட்ட ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாராம், வேறு யாருக்காவது ஆகுமென்று.

மகளைப் பற்றிக் கேட்டேன். உள்ளே போய் நீலப் புத்தகத்தை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். மகள் அந்த வருடம் தன் பெயரை பாங்காக்குக்கு மாற்றிக்கொண்டுவிட்டாள். வீட்டுக்காரம்மா ஒப்புக்கொண்டாராம். அடுத்த ஆளுநர் தேர்தலில் ஓட்டுப் போட வேண்டும் என்று சொன்னாளாம். இவர் மூன்று வாரம் அவளோடு பேசவில்லை. நாலாவது வாரம், புத்தகத்தை எடுத்துக்கொண்டு இவரே மாவட்ட அலுவலகத்துக்குப் போயிருக்கிறார்.

பக்கங்களைப் புரட்டினேன். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். அம்மாவின் பக்கத்தில் 'தாய்' என்று ஒரு முத்திரை. தாய் மொழியில் அந்தச் சொல்லுக்கு 'இறந்தார்' என்று அர்த்தம். மகளின் பக்கத்தில் 'யாய்' என்று இன்னொன்று, 'இடம் மாறினார்'. லுங்கின் பக்கத்தில் முத்திரை எதுவும் இல்லை. ஓரம் மட்டும் விரல் பட்டுப் பட்டு அழுக்காகியிருந்தது.

"அவள் யாருக்குப் போடப்போகிறாள் என்று கேட்டீர்களா?" என்றேன்.

"கேட்டேன். சொல்லவில்லை" என்றார். புத்தகத்தை வாங்கித் துணியில் சுற்றிக்கொண்டே, "நானும் இவ்வளவு நாள் அவளிடம் சொன்னதில்லை" என்றார். அப்புறம் மேற்கே கருத்து வந்தது. இரண்டு பேரும் எழுந்து போய் நெல்லை அள்ள ஆரம்பித்தோம்.